சபாத்தும் துடக்கும்

2022ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு ஐந்து நாள் இருக்கையில் யாழ்ப்பாணத்தில் சித்தப்பா காலமானார். கோப்பன்ஹேகனில் இருந்த எங்கள் வீட்டுக்கும் துடக்கு. புத்தாண்டுக்குப் பொங்கவில்லை, கைவிசேடம் கொடுக்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. பிள்ளைகளுக்கு வாங்கிய புது உடுப்புகள் அலுமாரிக்குள்ளேயே கிடந்தன.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை, என்னோடு வேலை செய்யும் யூத நண்பர் ஒருவர் தன் தகப்பனாரை அடக்கம் செய்தார். அவர்கள் ஏழு நாள் வீட்டிலிருந்து துக்கம் காப்பார்கள், அதற்கு 'ஷிவா' என்று பெயர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை பொழுதுபடுவதோடு ஷிவா முடிகிறது, அன்று பெசாக் பண்டிகை தொடங்குகிறது என்று பதில் அனுப்பினார். ஏழு நாள் நாலு நாளாகிவிட்டது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வந்தபோது முகத்தில் மழிக்காத தாடி மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் சாவு வந்து பண்டிகையை நிறுத்தியது. அவர் வீட்டில் பண்டிகை வந்து துக்கத்தை நிறுத்தியது. இந்த வேறுபாடு என்னைப் பல நாள் விடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சித்தப்பாவின் அந்தியேட்டி அன்று காணொளி அழைப்பில் உறவினர் எல்லோரும் கூடியிருந்தோம். பேச்சு பெரியம்மாவின் மகனிடம் போனது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. உடல் இல்லாதவருக்குத் தர்ப்பையால் உருச்செய்து தகனம் செய்யலாம், பன்னிரண்டு வருடம் கழிந்துவிட்டதால் தடையில்லை என்று ஐயர் சொன்னாராம். பெரியம்மாவுக்கு எண்பது வயது. அவர் இருக்கும்போதே செய்து முடித்துவிட்டால் அவருக்கும் ஆறுதல் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். பிறகும் இரண்டு தடவை தனியே தொலைபேசியில் கேட்டேன். அந்த நாட்களில்தான் யூதர்களின் துக்க விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். எபிரேயம் எனக்குத் தெரியாது. நண்பர் காட்டிய ஆங்கில, டேனிய மொழிபெயர்ப்புகளையே இரண்டு குளிர்காலம் படித்தேன்.

*

யூதர்களின் வாய்மொழிச் சட்டம் கி.பி. 200 அளவில் 'மிஷ்னா' என்ற பெயரில் தொகுக்கப்பட்டது. அதன் மீதான விவாதங்கள் பிற்பாடு 'தால்மூத்' ஆயின. பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோ இவற்றிலிருந்து நடைமுறை விதிகளைத் திரட்டி எழுதிய 'ஷுல்ஹான் ஆரூக்' 1565இல் வெனிஸில் அச்சானது. சபாத் விதிகள் அதன் முதற்பகுதியிலும் துக்க விதிகள் இரண்டாம் பகுதியிலும் இருக்கின்றன.

துக்க விதிகளைச் சொல்லும் பழைய நூல் ஒன்றின் பெயர் 'செமஹோத்'. அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சிகள் என்று பொருள். இடுகாட்டை அவர்கள் 'உயிருள்ளோர் வீடு' என்கிறார்கள். நமக்கு இதில் வியப்பு இராது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதையும், சுடுகாட்டை நன்காடு என்பதையும் 'மங்கலம்' என்ற பெயரில் பள்ளி இலக்கணத்திலேயே படித்தவர்கள் நாம்.

உயிர் பிரிந்தது முதல் அடக்கம் வரை உள்ள நேரத்தில், நெருங்கிய உறவினருக்கு அன்றாடத் தொழுகைக் கடமை கிடையாது. இறந்தவரின் காரியம் ஒன்றே கடமை. எழுந்து நின்று மேலாடையைக் கிழித்துக்கொள்வார்கள். அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் தொடங்கும். முதல் உணவை அயலவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முட்டை, பருப்பு போன்ற உருண்டையான உணவு வழக்கம். செத்தவீட்டில் அடுப்பு எரியாதிருக்க அயல்வீடுகளிலிருந்து சோறு வந்த நாட்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாழ்ந்த இருக்கையில் அமர வேண்டும். தோற்செருப்பு, சவரம், தொழில் எல்லாம் விலக்கு. பார்க்க வருகிறவர், துக்கம் காப்பவர் வாய் திறக்கும் வரை தாமாகப் பேசக்கூடாது. ஏழு நாளுக்குப் பிறகு முப்பதாம் நாள் வரை சில விலக்குகள் தொடரும். தாய் தகப்பனுக்கு என்றால் பன்னிரண்டு மாதம். அதில் பதினொரு மாதம் 'கதிஷ்' என்ற அரமேய மொழி மன்றாட்டைப் பத்துப்பேர் கூடிய தொழுகையில் பிள்ளைகள் சொல்வார்கள். இறந்தவருக்காகச் சொல்லப்படும் அந்த மன்றாட்டில் சாவு பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இந்த ஏழு நாளுக்குள் ஒரு சபாத் கட்டாயம் வரும். சபாத் என்பது வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் தொடங்கிச் சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும் வரை நீளும் ஓய்வுநாள். உழுதல், நெய்தல், எழுதுதல், நெருப்பு மூட்டல், பொருளைத் தெருவில் சுமந்து செல்லல் என்று முப்பத்தொன்பது வகை வேலைகள் அன்று விலக்கு. அன்று அடக்கம் செய்யக்கூடாது. வெளிப்படையாகத் துக்கம் காக்கவும் கூடாது. ஆனால் அந்த நாள் ஏழில் ஒன்றாகக் கணக்கில் சேரும். துக்கம் காப்பவர் கிழிந்த ஆடையை மாற்றிச் செருப்பணிந்து தொழுகைக்குப் போகிறார். சபாத்தை வரவேற்கும் பாடல் முடியும் வரை அவர் வெளியே நிற்பார். பின் உள்ளே வரும்போது சபையார் அவர் பக்கம் திரும்பி ஆறுதல் சொல்வார்கள். சனிக்கிழமை இரவு மறுபடி தாழ்ந்த இருக்கைக்கு வந்துவிடுவார். ஆகச் சபாத் துக்கத்தை ஒரு நாள் ஒதுக்கி வைக்கிறது. பெசாக் போன்ற பெரிய பண்டிகையோ ஏழு நாளில் மிஞ்சியதை நீக்கியே விடுகிறது. ஊர் முழுவதன் மகிழ்ச்சிக்குத் தனிவீட்டின் துக்கம் வழிவிட வேண்டும் என்பது அதன் நியாயம்.

சபாத்தும் சாவும் நேருக்கு நேர் வந்தால் என்ன செய்வது என்பதைத் தால்மூத் ஒரு கதையாகச் சொல்கிறது. தாவீது அரசருக்குத் தாம் ஒரு சபாத் நாளில் இறப்போம் என்று தெரியும். வேதம் ஓதிக்கொண்டிருப்பவரைச் சாவு நெருங்க முடியாது என்பதால் ஒவ்வொரு சபாத்தும் விடாமல் ஓதுவார். ஒருநாள் தோட்டத்து மரங்களுக்குள் சலசலப்புக் கேட்டது. பார்க்க எழுந்தவரின் காலடியில் படி உடைந்தது. ஒரு கணம் வாய் ஓய்ந்தது, உயிர் போயிற்று. உடல் வெயிலில் கிடக்கிறது, அரண்மனை நாய்கள் பசியோடு நிற்கின்றன, என்ன செய்வது என்று மகன் சாலமோன் அறிஞர்களைக் கேட்டனுப்பினான். நாய்களுக்கு இறைச்சி வெட்டிப் போடலாம். தகப்பனின் உடலைத் தொட்டுத் தூக்கக் கூடாது, அதன்மேல் ஒரு அப்பத்தையோ குழந்தையையோ வைத்து அதோடு சேர்த்து நகர்த்தலாம் என்று விடை வந்தது. பிறந்து ஒரு நாளான குழந்தையைக் காப்பாற்றச் சபாத்தை மீறு, இறந்த தாவீது அரசருக்காகவும் மீறாதே என்று அதே நூல் வேறிடத்தில் விதிக்கிறது.

முதலில் உயிர், அடுத்து சபாத், அதற்கும் அடுத்துத் துக்கம். உயிர் இருக்கிறதா என்று தெரியாவிட்டால்? மிஷ்னா அதையும் கேட்கிறது. சபாத் நாளில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்துவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது. இருந்தால் உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. தோண்ட வேண்டும் என்பதே தீர்ப்பு. உயிரோடு கண்டால் முழுவதும் தோண்டி எடு; இறந்து கிடந்தால் சபாத் முடியும் வரை விட்டுவை. சந்தேகம் உள்ள மட்டும் அது உயிரின் பக்கமே சேரும்.

*

இந்த விதிகளோடு யூதர்கள் டென்மார்க்குக்கு வந்த கதையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டேனியர் கால்வைத்தது நான்காம் கிறிஸ்தியான் மன்னரின் காலத்தில். அதே மன்னர்தான் 1622இல், தாம் எல்பே ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டிய குளுக்ஸ்டாட் நகருக்கு வந்து குடியேறும்படி ஆம்ஸ்டர்டாம் யூத வணிகர்களை அழைத்தார். இரண்டும் வணிகக் கணக்குகள். கோப்பன்ஹேகனில் 1684இல் இஸ்ரேல் தாவித், மேயர் கோல்ட்ஷ்மிட் என்ற இரு நகை வணிகர்களுக்குத் தொழுகை நடத்த அனுமதி கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு தொழ வேண்டும், பிரசங்கம் கூடாது என்பது நிபந்தனை.

பத்து வருடம் கழித்து, 1694இல், நகரத்து மதிலுக்கு வெளியே, இன்று மொல்லகேட என்னும் தெருவில், அவர்கள் இடுகாட்டை அமைத்தார்கள். 1886இல் நகரின் மேற்கே புதிய இடுகாடு திறக்கும் வரை, ஏறத்தாழ இருநூறு வருடம் அதுவே இங்குள்ள யூதர்களின் 'உயிருள்ளோர் வீடு'. இன்று நொரெப்ரோவின் கடைகளும் மாடிவீடுகளும் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. உள்ளே எபிரேய எழுத்துப் பொறித்த கற்கள் ஒன்றையொன்று சாய்ந்து கிடக்கின்றன. பூ வைப்பதில்லை, வந்து போனவர்கள் வைத்த கூழாங்கற்கள் சில கல்லறைகள் மேல் இருக்கும்.

டேனிய அரசுக்கும் ஓர் ஓய்வுநாள் இருந்தது. 1735இல் ஆறாம் கிறிஸ்தியான் பிறப்பித்த ஆணைப்படி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாத கிறிஸ்தவருக்கு அபராதமும் தண்டனையும் உண்டு. ஞாயிறு ஊரே அடங்கிக் கிடக்கும் நாட்டில் சனிக்கிழமையும் கடையைப் பூட்டுகிறவர் வாரத்தில் இரண்டு நாள் வருமானத்தை இழப்பார். 1814 மார்ச் 29ஆம் திகதி ஆணை யூதர்களுக்கு ஏறத்தாழ முழுக் குடியுரிமை கொடுத்தது. 1833இல் கிரிஸ்டல்கேட தெருவில் பெரிய தொழுகைக்கூடம் எழுந்தது. அந்த நூற்றாண்டில் பலர் சனிக்கிழமை கடை திறந்தார்கள், கிறிஸ்தவரை மணந்தார்கள். 1912இல் ஹென்றி நாதன்சன் எழுதிய 'மதில்களுக்குள்' என்ற நாடகம் இந்த மாற்றத்தைப் பற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சபாத் மேசையில் குடும்பம் கூடுகிறது. மகள் எஸ்தர் பிந்தி வருகிறாள். ஒரு கிறிஸ்தவனுக்கு அவள் மணம்செய்யச் சம்மதித்துவிட்ட செய்தி பின்னால் வருகிறது. இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழர் அந்த மேசையில் தங்களையும் காண்பார்கள்.

கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் பிறந்த விதிகளுக்கு டென்மார்க்கின் வானம் தனிச் சிக்கல். டிசம்பரில் இங்கே சூரியன் மூன்றே முக்கால் மணிக்கு முன்பே மறைகிறது. வெள்ளிக்கிழமை சபாத் விளக்கேற்ற மூன்றரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகும். நட்சத்திரத்துக்குக் காத்திருந்தால் சபாத் நள்ளிரவை நெருங்கித்தான் முடியும். பகல் ஏழு மணித்தியாலமோ பதினேழரை மணித்தியாலமோ, அதைப் பன்னிரண்டு பங்காக்கித்தான் அவர்கள் தொழுகை வேளைகளைக் கணிக்கிறார்கள். ஹெர்னிங் சித்திவிநாயகர் கோயிலிலும் பிராண்டே அபிராமி அம்மன் கோயிலிலும் பகலை எட்டாகப் பிரித்து ராகுகாலம் பார்க்கிற நமக்கு இது புதிதல்ல.

சாவிலும் இதே கணக்கு வரும். இருட்டினால் அடுத்த நாள் பிறந்துவிடும் என்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு இறந்தவரின் ஆண்டு நினைவு அடுத்த திகதியில்தான் விழும். யாழ்ப்பாணத்துத் திதியா கோப்பன்ஹேகன் திதியா என்று சித்தப்பாவுக்கு நாங்கள் வாதிட்டது நினைவுக்கு வந்தது.

*

நாளை யார் குறிப்பது என்ற கேள்வி டேனிய மன்னரின் ஆட்சிக்குள் இருந்த அல்தோனா நகரையும் ஒருமுறை எட்டியது. இன்று ஜெர்மனியின் ஹம்புர்க் நகருக்குள் அடங்கிவிட்ட அல்தோனா, 1864 வரை டேனிய முடியாட்சியைச் சேர்ந்தது. கோப்பன்ஹேகனுக்கு அடுத்த பெரிய நகரம். புகழ்பெற்ற ரபி யாக்கோப் எம்டன் அங்கே வாழ்ந்தார்.

1772இல், அல்தோனாவுக்குக் கிழக்கே இருந்த மெக்லென்புர்க்-ஷ்வெரின் சிற்றரசின் கோமகன் ஓர் ஆணை போட்டார். யூதர்கள் இறந்த அன்றே அடக்கம் செய்கிறார்கள். மயக்கத்தில் கிடப்பவரை உயிரோடு புதைத்துவிடக்கூடும். இனி மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றது ஆணை. தாமதியாமல் அடக்கம் செய்வது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்பது யூதச் சட்டம். கலங்கிப்போன ஷ்வெரின் யூதர்கள் அல்தோனாவில் எம்டனிடமும் பெர்லினில் தத்துவ அறிஞர் மோசே மெண்டல்சோனிடமும் உதவி கேட்டார்கள். மெண்டல்சோன் அவர்களுக்காகக் கோமகனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். மருத்துவர் சான்று தந்தால் உடனே அடக்கம் செய்ய விடலாம் என்பது அதன் சாரம். ஆனால் தம் மக்களுக்குத் தனியே எழுதிய கடிதத்தில், கோமகன் சொல்வதில் தவறில்லை என்றார். முற்காலத்தில் உடலைக் குகையில் வைத்து மூன்று நாள் வரை போய்ப் பார்த்தார்கள் என்று 'செமஹோத்' நூலே சொல்கிறது என்று எடுத்துக்காட்டினார். எம்டன் உடன்படவில்லை. முன்னோர் வழக்கத்தை மருத்துவர் சொல்லுக்காக மாற்ற முடியாது என்றார்.

எம்டனின் பக்கமும் எனக்கு விளங்குகிறது. ஒரு வீட்டின் சாவில் அரசு வந்து கால அட்டவணை போட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் இருவருமே உயிர்தான் முதல் என்பதில் வேறுபடவில்லை. உயிர் போயிற்று என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் பிரிந்தார்கள்.

*

1943இல் விதிகளின் வரிசை டென்மார்க்கிலேயே சோதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 29இல் ஜெர்மனியர் அவசரநிலை அறிவித்தார்கள். தலைமை ரபி மாக்ஸ் பிரிடிகர் பிடிபட்டார். செப்டம்பர் 28இல் ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்த கேயோர்க் டுக்விட்ஸ், யூதர்களைச் சுற்றிவளைக்கும் திட்டத்தை டேனிய அரசியல்வாதிகளுக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் புதன்கிழமை, யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முந்திய காலைத் தொழுகை. கிரிஸ்டல்கேட கூடத்தில் ரபி மார்குஸ் மெல்கியோர் தொழுகையை நிறுத்தினார். வீட்டில் இருக்காதீர்கள், உறவினருக்கும் நண்பருக்கும் சொல்லுங்கள், ஒளிந்துகொள்ளுங்கள் என்று அறிவித்தார்.

அந்த வருடம் புத்தாண்டின் இரண்டு நாளும் வியாழனும் வெள்ளியும். அதைத் தொட்டுச் சபாத். பயணம், பணம் எல்லாம் விலக்கான மூன்று நாட்கள் அடுத்தடுத்து. அதனால்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ணி அக்டோபர் 1ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். கதவுகளைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் வெறுமையாக இருந்தன. சபாத் இரவில் மக்கள் ஆஸ்பத்திரிகளிலும் அயலவர் வீடுகளிலும் காட்டுக்குடில்களிலும் ஒளிந்திருந்தார்கள். மீனவருக்குப் பணம் கொடுத்துப் படகேறினார்கள். உயிர் காக்கச் சபாத்தை மீறும்போது அதைச் சிறுவரிடமோ பிறரிடமோ விடாமல் சமூகத்தின் பெரியவர்களே முன்னின்று செய்ய வேண்டும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் எழுதியிருந்தார். மெல்கியோர் சொன்னது இந்த வழியில்தான். அவரையும் குடும்பத்தையும் ஒரு லூத்தரன் போதகர் தம் வீட்டில் ஒளித்து வைத்தார்.

அந்த வருடம் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரும் அக்டோபர் 9ஆம் திகதி, சபாத்திலேயே விழுந்தது. அதற்கு இரண்டு இரவு முன் கில்லலைய என்ற மீனவ ஊரின் தேவாலய மேல்மாடத்தில் ஒளிந்திருந்த எண்பது பேரளவில் பிடிபட்டார்கள். சிலர் ஓரெசுண்ட் நீரிணையில் மூழ்கிப் போனார்கள். ஆனாலும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த நீரைக் கடந்து சுவீடன் சேர்ந்தார்கள். 'மதில்களுக்குள்' எழுதிய நாதன்சனும் அவர்களில் ஒருவர். எழுபத்தைந்து வயதில் அகதியான அவர் 1944 பெப்ரவரியில் லுண்ட் நகரில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

பிடிபட்ட ஏறத்தாழ 470 பேர் செக் நாட்டில் இருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் முதியோர், திரும்பவில்லை. அந்த முகாமில் இறந்தவர்களை எரித்து, சாம்பலை எண்ணிட்ட அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார்கள். 1944 நவம்பரில், தடயத்தை அழிப்பதற்காக, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாம்பலை அருகில் ஓடும் ஓகர்சே ஆற்றில் கொட்டினார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். எரிப்பதும் சாம்பலை நீரில் கரைப்பதும் நமக்குக் கடைசிக் கடமை. கீரிமலையில் கரைத்தால்தான் மனம் ஆறும். யூதச் சட்டத்தில் உடலை மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும். நமக்கு ஈடேற்றமாக இருக்கும் அதே செயல் அங்கே கல்லறையைப் பறித்த குற்றமாக இருந்தது.

*

உடல் இல்லாதபோது துக்கம் எப்போது தொடங்கும்? ஏழு நாள் அடக்கத்திலிருந்து எண்ணப்படுவது. அடக்கமே இல்லையென்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? நீரில் மூழ்கியவர், காட்டு மிருகம் கொண்டுபோனவர், அரசு கொன்று உடலைத் தர மறுத்தவர் என்று பழைய நூல்களே இதை அலசியிருக்கின்றன. ஷுல்ஹான் ஆரூக் தரும் விடை ஒரே வரிதான். தேடுகிறவர்கள் இனிக் கிடைக்காது என்று நம்பிக்கையை விட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும்.

செருப்பின் தோலையும் சூரியன் மறையும் நிமிடத்தையும் விட்டுவைக்காமல் அளந்த சட்டம் இது. இத்தனை வருடத்துக்குப் பின், இந்த மாதத்தில் என்று ஓர் எல்லை போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த நாளைத் தேடுகிற வீட்டாரின் மனத்திடம் விட்டுவிட்டது. மனைவி மறுமணம் செய்வது பற்றிய விதி இன்னும் கண்டிப்பானது. கரைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் நீரில் விழுந்தவர் மேலே வரவில்லை என்றால் இறந்தார் எனக் கொள்ளலாம். கரை தெரியாத நீர் என்றால் அப்படிக் கொள்ள முடியாது, அவர் வேறெங்கோ கரையேறியிருக்கலாம் என்கிறது தால்மூத். இதனால் பல பெண்கள் காலமெல்லாம் கட்டுண்டு கிடந்தார்கள் என்பது இந்தச் சட்டத்தின் கொடுமையான பக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. பெரும் இனக்கொலைக்குப் பிறகு, ஒரேயொரு சாட்சியின் சொல்லையும் ஏற்கும் பழைய சலுகையைப் பிடித்துக்கொண்டு அவர்களை விடுவிக்க ரபிகள் பாடுபட்டார்கள்.

இறந்தது உறுதி, நாள்தான் தெரியாது என்றால் குடும்பமே ஒரு நாளைத் தெரிந்து ஆண்டு நினைவு காக்கலாம். நாள் தெரியாத எல்லோருக்குமாகச் சேர்ந்து கதிஷ் சொல்ல இஸ்ரேலின் தலைமை ரபிகள் தேவேத் மாதம் பத்தாம் நாளைக் குறித்தார்கள். நமக்கு ஆடி அமாவாசையும் சித்திரா பௌர்ணமியும் உண்டு. 2009க்குப் பிறகு மே 18ம் உண்டு. பொதுநாள் ஒன்று இருப்பது நல்லதே. ஆனால் அது இறந்தது உறுதியானவர்களுக்குரிய நாள்.

இலங்கையில் 2010இல் வந்த ஒரு சட்டம், காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. இறந்துவிட்டார் என்று கையெழுத்திட மறுத்த குடும்பங்களுக்காக 2016இல் காணாமையை மட்டும் குறிக்கும் சான்றிதழும் வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரம் படம் ஏந்தி அமர்ந்தார்கள். ஷ்வெரினில் கோமகன் சாவைத் தள்ளிப்போடச் சொன்னார். இங்கே அரசு விரைந்து முடிக்கச் சொல்கிறது. எங்கள் பங்குக்கு உறவினராகிய நாங்களும் தொலைபேசியில் அதையே செய்திருந்தோம். பெரியம்மாவின் ஆறுதலுக்காக என்று சொன்னோம். பதிலில்லாத ஒரு கேள்வி எங்கள் குடும்பப் பேச்சில் கிடப்பது எங்களுக்குத்தான் பாரமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பெரியம்மா ரபிகளைப் படித்தவர் அல்லர். அவர் நிற்பது இடிந்த கட்டடத்தின் முன்னால். உள்ளே ஆள் உண்டா, உயிர் உண்டா என்று தெரியவில்லை. தெரியாதவரை தோண்ட வேண்டும் என்பது அந்தப் பழைய தீர்ப்பு. தர்ப்பைப் பாவையை எரிக்கச் சொன்னபோது, தோண்டுவதை நிறுத்தச் சொல்கிறோம் என்று எனக்கு விளங்கியிருக்கவில்லை.

போன மார்கழியில் அவரோடு பேசினேன். யூதர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அண்ணாவின் காரியத்தைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன், நீங்கள் எப்போது சொல்கிறீர்களோ அப்போது பார்ப்போம் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அண்ணா ஏ.எல். படித்த காலத்துக் கொப்பிகளைக் கறையான் பிடிக்காமல் வெயிலில் போட்டு எடுத்ததாகச் சொன்னார். அன்று அரை மணிநேரம் அண்ணாவைப் பற்றியே பேசினோம். உறவினர் குழுவில் யாராவது மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால், பெரியம்மா சொல்லும் நாள் வரட்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.